நவம்பர்த் தாள்

நவம்பர் முடிந்து பதினேழு நாள் ஆகிறது.
தாளை இன்னும் கிழிக்கவில்லை.
பால் கணக்கை அதன் ஓரத்திலேயே
சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வங்கிக் காலண்டரில் அந்த மாதத்துக்கு வந்தவர்கள் இவர்கள்.
எந்த நாட்டு ராஜா வீட்டுப் படமோ,
கீழே பொடி எழுத்தில் இருந்ததை
எண்ணெய்க் கை பட்டு அழித்துவிட்டேன்.
வெள்ளை மாடி. கருநீல வானம்.
அவள் கையில் மத்தாப்பு,
அவன் கையில் அவள் முக்காட்டு நுனி.
பக்கவாட்டு முகம், ஆளுக்கு ஒரு கண்தான்.
அந்த ஒன்றே போதுமென்று
காதுவரை நீட்டியிருக்கிறான் எழுதியவன்.

மத்தாப்பு என்றால் புள்ளி புள்ளியாய்ப் பொன்.
ஒரு நாள் எண்ணத் தொடங்கினேன்.
நூற்றுப் பன்னிரண்டில் பால் பொங்கிவிட்டது.
தேவநாதன் எட்டிப் பார்த்து,
"இவ்வளவு வெளிச்சத்துக்கு ஒயரிங் எங்கடி?" என்றான்.

லைன்மேன் வீட்டுத் தீபாவளி
ஊருக்கெல்லாம் விளக்கெரிந்த பிறகு வருவது.
அதுவும் கடலூரில், ஐப்பசி மழையில்.
கம்மியம்பேட்டையில் கம்பி அறுந்தது.
வண்டிப்பாளையத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்தது.
செம்மண்டலத்தில் யாரோ விட்ட ராக்கெட்
நேராகப் போய்ப் பீங்கானில் உட்கார்ந்தது.
ஒவ்வொன்றையும் போனில் சொன்னான்,
ஒவ்வொரு முறையும்
"சாப்பிட்டியா" என்று முடித்தான்.

எட்டு மணிக்கு எங்கள் தெருவும் அணைந்தது.
மெழுகுவர்த்தியைக் காலண்டருக்குக் கீழே வைத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
அந்த மாடியில் யாருக்கும் நிழல் இல்லை.
இரவு என்று வானம் சொல்கிறது.
ஆனால் தலையணைச் சரிகை,
தூணில் ஏறும் கொடி,
தோழியின் தட்டிலுள்ள வெற்றிலை நரம்பு
எல்லாம் உச்சிவெயிலில் வைத்ததுபோல் தெரிகின்றன.
மத்தாப்பு அவள் கன்னத்தில்
ஒரு துளிகூடச் சிந்தவில்லை.
அவளைப் பார்க்க அவனுக்கு
அது தேவைப்படவும் இல்லை.

கொடுத்துவைத்தவர்கள்.
உங்கள் அரண்மனைக்கு இன்றைக்கு டியூட்டி யார் என்று
வாய்விட்டே கேட்டேன்.
தட்டேந்திய தோழி மட்டும்
என் பக்கம் திரும்பியதுபோல் இருந்தது.
மெழுகுத் திரி ஆடியிருக்கும்.

ஒன்றரை மணிக்கு வந்தான்.
சட்டையில் கெடிலம் ஓடியது.
கையுறைக்குள் ஊறிய விரல்கள்
நெடுநேரம் குளித்த குழந்தையின் விரல்களாய்ச் சுருங்கியிருந்தன.
"நம்ம தெரு பியூஸைக் கடைசியா வச்சிருக்கேன்.
முதல்ல போட்டா, சொந்த வீட்டுக்கு
வேலை பாத்தேன்னு ஏ.இ. சொல்வாரு."

மிச்சம் இருந்தது ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு.
தீப்பெட்டி நமுத்துவிட்டது.
அடுப்பைத் திருகி
நீலத் தீயில் கம்பியைக் காட்டினோம்.
மருந்து கறுத்தது, யோசித்தது,
பிறகு சட்டென்று.

அவன் முகத்தில் பாதிதான் தெரிந்தது.
தாடையில் புதிதாய் ஒரு கீறல்.
மூக்குக்கு அந்தப் பக்கம் முழு இருட்டு.
அந்த இருட்டுப் பாதியைத்தான்
கையால் தொட்டுப் பார்த்தேன்.
ஈரமாய், சொரசொரப்பாய், அவனாகவே இருந்தது.

பின்சுவரில் எங்கள் நிழல் எழுந்தது
பெரிதாய், நடுங்கிக்கொண்டு.
காலண்டர் மாடியில் ஏறி
அந்த இருவர்மேல் கவிந்தது.
அவர்களுக்கு அன்றுதான்
முதல் இரவு வந்திருக்க வேண்டும்.

நாற்பது விநாடி இருக்கும்.
கம்பியை வாளித் தண்ணீரில் போட்டான், சுர்ரென்றது.
"பியூஸ் போட்டுட்டு வந்துடட்டா?"
இரு, என்றேன்.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ
மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.